ரெஜினா மொழிபெயர்த்த கொள்ளை

ரெஜினா போய்விட்டார் என்று கொஸ்லந்தையிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது, எந்த ரெஜினா என்று கேட்டுவிட்டேன். வேறு யாராவது இருக்கக்கூடாதா என்ற நப்பாசைதான். “நம்ம ஜெர்மன் ரெஜினாதான் மாஸ்டர்” என்றார்.

உங்களில் பலர் அவரை அந்தப் பெயரில்தான் அறிவீர்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, ஜெர்மனியில் பல வருடம் தாதியாக வேலை செய்து திரும்பி, பதுளையில் ஒரு நிவாரணக் குழுவுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து இங்கேயே தங்கியவன். இளமையில் குருமடத்தில் கொஞ்சம் பழைய கிரேக்கம் படித்திருந்தேன். அதை ஒருவர் தேடி வருவார் என்று நினைத்ததே இல்லை.

தொண்ணூறுகளில் ஒரு தோட்டத்தில் லயங்களைக் கொள்ளையடித்தார்கள். சனங்கள் தேயிலைக்குள் பதுங்கியிருக்க, பட்டப்பகலில், தெரிந்த முகங்கள் வந்து கூரைத் தகரம் வரைக்கும் கொண்டுபோயின. அந்தத் தோட்டத்துக்கு உதவிவந்த ஜெர்மன் பாதிரியார் ஒருவர் விபரம் கேட்டிருந்தார். குழுவின் ஆங்கில அறிக்கையில் கொள்ளையைக் குறிக்கும் லூட், பிளண்டர், ரான்சாக் என்ற சொற்கள் ஒழுங்கில்லாமல் கலந்து கிடந்தன. ஜெர்மனில் மொழிபெயர்க்க வேண்டிய அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு ரெஜினா என்னிடம் வந்தார். பாதிரியார் கிரேக்கம் கற்றவராம். ஜெர்மன் சொல்லுக்குப் பக்கத்தில் கிரேக்கமும் இருந்தால் அவர் எதையும் மென்மையாக்கி வாசிக்க முடியாது என்பது ரெஜினாவின் எண்ணம்.

நான் அகராதியைத் திறந்தேன். அவர் அதை மூடிவிட்டு என்னைத் தோட்டத்துக்கே கூட்டிப்போனார். லூட் என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் என்ன நடந்தது என்று பறிகொடுத்தவரையே சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகுதான் சொல். ஆளில்லாத வீட்டை வாரிப்போனது ஜெர்மனில் பிளுண்டர்ன். ஓடமுடியாமல் லயத்திலேயே அகப்பட்ட செல்லம்மா என்ற தொழிலாளியின் கழுத்திலிருந்து தாலியை அறுத்தது ரௌபன். கிரேக்கத்தில் ஹார்பாஸெயின் என்றேன். கூரையை உரித்ததற்கு, போரில் விழுந்தவனின் கவசத்தைக் கழற்றுவதைக் குறிக்கும் சூலான் பொருந்தியது. செல்லம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இத்தன வார்த்தை வச்சிருக்காங்களே, அவுங்களும் நம்மள மாதிரி நல்லா வாங்கியிருப்பாங்க போல” என்றார். ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தார்.

குழுவின் செயலாளர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் களவு என்று மாற்றச் சொன்னார். களவென்றால் அடையாளம் தெரியாதோர் என்று முடித்துவிடலாம். கொள்ளை என்றால் யார் என்ற கேள்வி வரும். மாற்றாவிட்டால் வேலை போகும் என்றும் சொல்லிவிட்டார்.

“பிள்ளை, இதால உமக்குக் கரைச்சல் வரும்” என்றேன்.

“களவாணி ஒளிஞ்சு வருவான் மாஸ்டர். இவனுங்க பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வந்தானுங்க. ஒளிஞ்சது நம்ம சனந்தான். நான் எப்படி மாத்துறது?”

ஓர் எழுத்தும் மாறாமல் அனுப்பினார். அடுத்த கூட்டத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்தார்கள். மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்துவிட்டது என்று பாதிரியாருக்கு எழுத வேண்டுமாம். ரெஜினா என் பக்கம் திரும்பினார்.

“பிழை இருந்தா மாஸ்டர் சொல்லட்டும். இப்பவே எழுதிர்றேன்.”

எதைச் செய்தாலும் மீண்டும் மீண்டும் சரிபார்த்து, அப்போதும் சந்தேகப்படுகிறவன் நான். மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பிழை இல்லை என்றேன். அன்றோடு அவருடைய வேலை போயிற்று. படியிறங்கும்போது, “டீ வாங்கித் தாங்க மாஸ்டர், இனிமே எனக்குச் சம்பளம் இல்ல” என்றார்.

பாதிரியார் அந்த அறிக்கையைத் தம் ஆலயத்தில் முழுவதுமாக வாசித்ததாகப் பிறகு தெரிந்தது. ரெஜினா பதுளைக் கடைவீதியில் மாடியறை ஒன்றை எடுத்து, ஹோட்டல் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்தார். கேட்டவர்களிடமெல்லாம் அது கொள்ளை என்றே கடைசிவரை சொன்னார்.

அடக்கத்தன்று இரங்கலுரை சொன்ன ஒருவர், “தோட்டத்தில் களவு நடந்த காலத்தில்” என்று தொடங்கினார். நான் எழுந்து, கொள்ளை என்றேன். அவர் காதில் விழாததுபோல் தொடர்ந்தார். இன்னொரு முறை சொன்னேன். அவர் நிறுத்தி, திருத்திச் சொன்ன பிறகே உட்கார்ந்தேன். ரெஜினாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தப் பிடிவாதத்தைத்தான். என் காதுபட இனி யாரும் அதைக் களவு என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.