தலையாட்டினால் பதிவு இல்லை

1. முதல் நாள்

கிள்ளானில் ஒரு கோயிலில் பன்னிரண்டு ஆண்டுகள் திருமணப் பதிவாளராக இருந்தேன். முதல் நாளே கோட்டை விட்டேன்.

"உங்க சொந்த விருப்பத்தோடதானே கல்யாணம் பண்ணிக்கிறீங்க?" என்று மணப்பெண்ணைக் கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பக்கத்தில் நின்ற அத்தை, "அதெல்லாம் சம்மதந்தான், எழுதுங்க லா!" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்தப் பெண்ணின் குரலையே நான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. மறுநாளிலிருந்து தலையாட்டினால் பதிவு இல்லை, வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று விதி வைத்தேன். "வக்கீலம்மா" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

2. ஐசி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து ஊரான மேருவிலிருந்து ஓர் அம்மா மகளை அழைத்து வந்தார். கூடவே ஒருவன், வயது இருபத்து மூன்று, போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவன். ஐசி என்கிற அடையாள அட்டையின் முதல் ஆறு எண்களே பிறந்த தேதியைச் சொல்லிவிடும். பெண்ணுக்குப் பதினைந்து.

"இப்ப தாலி மட்டும் கட்டிடலாம் அக்கா. பதினெட்டு ஆனதும் ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம். ரெண்டு பேரும் நெருங்கிப் பழகிட்டாங்க, ஊரே பேசுது. ரெண்டு குடும்பத்துக்கும் சம்மதம்" என்றார் அம்மா.

அந்த அம்மா கெட்டவர் இல்லை, பயந்துபோனவர். குடும்பம் சம்மதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மவர்களில் பலரைப் போல அவரும் நம்பினார்.

"இங்க பாருங்கம்மா, பதினாறு வயசுக்குள்ள நெருங்கிப் பழக அவளே சரின்னு சொன்னாலும் சட்டத்துல அது சம்மதம் இல்ல. தாலி கட்டினாலும் அது மாறாது" என்றேன்.

அவன் குறுக்கிட்டான்: "நாங்க லவ் பண்றோம் ஆன்டி. நான் ஃபோர்ஸ் பண்ணல."

"பெரியவன் நீதான் தம்பி. பொறுப்பும் உன்னோடதுதான்."

அம்மாவையும் அவனையும் வெளியே உட்காரச் சொன்னேன். நடந்ததை நான் துருவவில்லை. அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. பெண்ணிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "உனக்கு என்னம்மா வேணும்?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"ஸ்கூலுக்குப் போகணும் ஆன்டி. என்னை யாருமே கேக்கல. அவரைப் பார்த்தா பயமா இருக்கு."

போலீசுக்கும் சமூக நலத் துறைக்கும் சொல்லப் போகிறேன் என்று முதலில் அவளிடம்தான் சொன்னேன். பிறகு அம்மாவை உள்ளே அழைத்துச் சொன்னேன்.

"உதவி பண்ணுவீங்கன்னு நம்பி வந்தேனே!" என்று அவர் அழுதார். ஆனாலும் போனை எடுத்தேன்.

3. பாசாரில்

அடுத்த ஆண்டு கிள்ளான் பாசாரில், மீன் கடை முன்னால், அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"உங்க மேல எனக்கு இன்னும் கோவந்தான்" என்றார்.

"இருக்கட்டும்மா. அவ எப்படி இருக்கா?"

"ஸ்கூலுக்குப் போறா. இப்பல்லாம் எதைச் சொன்னாலும், 'என்னைக் கேட்டீங்களா'ன்னு நிக்கிறா."

"நிக்கட்டும் லா!" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

புதிதாகப் பதிவு வேலைக்கு வருகிறவர்களே, முதலில் ஐசியைப் பாருங்கள். வயது சரியாக இருந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். சம்மதம் அவரவர் வாயிலிருந்து, பயமில்லாமல் வர வேண்டும். பெண்ணைக் கேட்டதற்கு அத்தை பதில் சொன்னால், பேனாவை மூடி வைத்துவிட்டு இன்னொரு முறை கேளுங்கள்.