பாதி சாமி

தீக்குச்சி உரசும்போது சுடருக்கு முன்னால் ஒரு வாடை வரும். ஒரு மூச்சு, அவ்வளவுதான். அடுப்பு பற்றிக்கொள்ளும், வாடை போய்விடும், நான் மட்டும் போகாமல் துறைமுகத்தில் நின்றுகொண்டிருப்பேன். கந்தகம் ஏற்றிவந்த ஒரு கப்பலின் மேல்தட்டில், அதன் திறந்த வயிற்றின் விளிம்பில், இரண்டு கைகளையும் தூக்கியபடி.

அறுபதுகளின் கடைசி. பாதிரியார் படிப்புக்காகக் குருமடத்தில் சேர்ந்து பாதியில் திரும்பியவன் நான். என்னை வயிற்றில் சுமக்கும்போதே அம்மா கோயிலுக்கென்று நேர்ந்துகொண்டாள். ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அதற்குச் சாட்சி. நான் சாமியாராவேன் என்ற நம்பிக்கையோடேயே செத்தும் போனாள். குருமடத்தில் 'அழைத்தல்' என்பார்கள். ஆண்டவர் உன்னைக் கூப்பிடுவார், காது கொடு. கொடுத்தேன், வருடக்கணக்காக. பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக் கேட்டது. எனக்கு மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. கேட்காததைக் கேட்டதாகச் சொல்ல வாய் வராமல் தகரப்பெட்டியோடு வீடு வந்தேன்.

அப்பா திட்டவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார். வீட்டில் நாங்கள் இருவர்தான். மீன் வாசத்துக்குப் பக்கத்து வீட்டுப் பூனை வரும். என்னிடம் சொல்லவேண்டியதையெல்லாம் அதனிடம் சொல்வார்.

"சோறு ஆறுது. துன்றவன் துன்னலாம்."

பூனை என்னைப் பார்க்கும்.

தெருவோ என்னை இன்னும் சாமி என்றே கூப்பிட்டது. குருமடத்துக்குப் புறப்பட்ட அன்று வைத்த பெயர், திரும்பி வந்ததும் எடுத்துவிட யாருக்கும் தோன்றவில்லை. பெண்கள் கைக்குழந்தையை நீட்டி நெற்றியில் சிலுவை போடச் சொல்வார்கள். போட்டாலும் தப்பு, போடாவிட்டாலும் தப்பு. சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டு போவேன்.

அப்பா சொல்லித்தான் இருக்கவேண்டும், ஒருநாள் மேஸ்திரி வந்து என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். கப்பலில் சரக்கு தூக்கும் வின்ச்சை ஓட்டுபவர் அப்பா. வின்ச்காரருக்குக் கப்பலின் அடிக்குழி தெரியாது. குழியில் இருப்பவர்களுக்கு வின்ச் தெரியாது. நடுவே விளிம்பில் ஒருவன் நின்று கையால் காட்டவேண்டும்: ஏற்று, இறக்கு, நிறுத்து. அந்த வேலை எனக்கு. என்னை நிறுத்தியது அப்பாவின் வின்ச்சுக்கு.

வீட்டில் என் முகத்தைப் பார்க்காத மனிதர், வேலை நேரம் முழுக்க என் கைகளைவிட்டுக் கண்ணை எடுக்கமுடியாது. விரலை மூடினால் நிறுத்துவார். உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்குவார். அத்தனை கவனத்தில் ஒரு சொல் கிடையாது. வெயிலில், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், அப்படித் தனியாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

குழியில் கந்தகத்தை மண்வெட்டியால் அள்ளுபவர்கள் முகத்தில் துண்டு கட்டியிருப்பார்கள்; கண்கள் மட்டும் சிவப்பாகத் தெரியும். ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தில் ஒருநாள் அவர்களில் உயரமானவர் கீழிருந்து கத்தினார்.

"சாமி! பாவசங்கீர்த்தனம் கேக்கிறியா?"

"நான் சாமியார் இல்லண்ணே."

"பாதி சாமிதானே? பாதி பாவத்த மன்னிச்சு வுடு. மீதிய நான் கோயில்ல பாத்துக்கறேன்."

"எந்தப் பாதிடா?" என்றது இன்னொரு துண்டு. "பொண்டாட்டிக்குத் தெரிஞ்ச பாதியா, தெரியாத பாதியா?"

குழி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின் அந்தப் 'பாதி' மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது.

கரையில் லாரி வராமல் வின்ச் நின்றுபோகும் நேரங்கள் உண்டு. அப்படி ஒரு மத்தியானம், உயரமானவர் கந்தகக் குவியல்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு கேட்டார்.

"மேல இன்னா கீது சாமி?"

"ஒண்ணுமில்ல. வானம்."

"வானம் இங்கேர்ந்தே தெர்து. அதுக்கு நீ இன்னாத்துக்கு? வேற சொல்லு."

சுற்றிப் பார்த்தேன். "பக்கத்துக் கப்பல்ல ஒரு நாய் ஏறிடுச்சு. எறங்கத் தெரியாம ஏணிப்படி மேல நின்னுகினு கீது. கப்பல்காரன் ஒருத்தன் ரொட்டி காட்டறான்."

"இன்னா கலரு?"

"வெள்ளை."

"ரொட்டியா, நாயா?"

"நாய்தான். ஒரு படி எறங்கிச்சு. திரும்ப ஏறிடுச்சு. இப்ப ரொட்டிய அவனே துன்றான்."

கீழே இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. குடை பிடித்த ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி வருவதாகச் சேர்த்தேன்.

"உடான்ஸு," என்றார் உயரமானவர். "கொரலு மாறுது பாரு. நைனா! உம்புள்ள சொல்ற நாயாச்சும் நெசமா?"

வின்ச் பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நாயி கீது. வெள்ளை இல்ல. செவல."

குழிக்குச் சொன்ன பதில், எனக்கில்லை. ஆனால் நான் பார்த்த திசையில் அவரும் பார்த்திருக்கிறார். மறுபடி பார்த்தேன். செவலைதான்.

அதன்பின் வேலைக்கு நடந்துவரும் வழியெல்லாம் பொறுக்கிக்கொண்டே வந்தேன்: எண்ணூர்ப் பக்கத்துப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது, கிரேன் கொக்கியில் உட்கார்ந்த பருந்து எதற்காகச் சிறகை உலர்த்துகிறது. சொல் சரியாக விழுந்தால் குழியில் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. பிசகினால் உடனே இருமல். மேலேயிருந்து வரும் என்று நான் காத்திருந்த குரல், குழிக்குள்ளிருந்து தூசியில் இருமிக்கொண்டு வந்தது. இதை அன்றைக்கே தெளிவாக உணர்ந்தேன் என்றால் அதுவும் உடான்ஸு. கந்தகக் கப்பல் போனபின்னும் வாய்க்குள் யாருக்கோ சொல்லிக்கொண்டே நடந்தேன், அது நிற்கவில்லை. இன்று அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். பிசகினால் இரும ஆளில்லை.

வேலையை நிரந்தரமாக்குவதாக மேஸ்திரி சொன்ன வாரம்தான் திருச்சியில் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை கிடைத்தது. எழுத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரவேண்டும், அதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. அம்மாவின் நேர்ச்சையை உடைத்தவன், இப்போது அப்பா வாங்கித்தந்த வேலையையும் விடப்போகிறேன். நேரே சொல்லத் துணிவில்லாமல் நானும் பூனையிடமே சொன்னேன்.

"திருச்சிக்குப் போறேன். அச்சாபீஸு வேலை. சாமியாராவும் ஆவல, ஹார்பர்லயும் நிக்கல. எழுதணும்னு தோணுது."

அப்பா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு தலையைக் கிள்ளிப் பூனைக்குப் போட்டார். அது கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. நாங்கள் இருவரும் யாரிடம் பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

நான் கிளம்பிய அன்று அப்பா எழும்பூர் ஸ்டேஷனுக்கு வந்தார். தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். கொடுங்கள் என்றேன், கொடுக்கவில்லை. இருக்கைக்கு அடியில் அதைத் தள்ளிவிட்டு இறங்கி, ஜன்னலோரம் வேறெங்கோ பார்த்தபடி நின்றார். வண்டி அசைந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"உங்கம்மாக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ வேளைக்குத் துன்னு, நைனா."