ராஜ்மா போடாத சில்லி

விற்பனைக்கு வரும் உணவுப் பொட்டலத்தின் மேல், உள்ளே இருப்பதையெல்லாம் எழுத வேண்டும் என்பது விதி. சுகாதார ஆய்வாளராக இருந்தபோது இதைச் சொல்லியே கந்தர்வக்கோட்டைக் கடைக்காரர்களை விரட்டியிருக்கிறேன். என் வீட்டு டப்பாக்கள் மட்டும் விதிக்கு அப்பாற்பட்டவையாக இருந்தன.

பேத்தி யாழினிக்குப் பருப்பு, பயறு எதுவுமே ஆகாது. விடுமுறைக்கு வந்தவள், செல்போனில் பார்த்த சில்லி என்ற அமெரிக்கக் கறிக்குழம்பைக் கேட்டாள். அதில் சேரும் ராஜ்மா பயறை விட்டுவிட்டு, கொத்துக்கறி, தக்காளி, சீரகத்தோடு மிளகாய்த்தூளைத் தாராளமாகப் போட்டுக் கொதிக்கவைத்தேன். நாலு வாய்தான் சாப்பிட்டாள். உதடு வீங்கி, மூச்சு இழுத்தது.

"எந்த டப்பாவுல எடுத்தீங்க?" என்று மனைவி அலறினாள்.

"செவப்பா இருந்துச்சே, அதுதான்."

"அய்யோ, அது கொழம்புத்தூளுங்க! தொவரம்பருப்பும் கடலப்பருப்பும் வறுத்துப் போட்டுல்ல மில்லுல அரைச்சேன்!"

விதியெல்லாம் தெரிந்த எனக்குப் பேத்தியின் மூச்சைச் சீராக்கத் தெரியவில்லை. ஆட்டோவில் என் மடியில் கிடந்தவளிடம், "தாத்தா பேசுறது கேக்குதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். மருத்துவமனையில் ஊசி போட்ட பிறகும் கேட்டேன். 

இப்போது எல்லா டப்பாவிலும் உள்ளே இருப்பதை எழுதி ஒட்டியிருக்கிறேன். அவளுக்கான மிளகாயை, பருப்பும் அரைக்கிற மில்லுக்கு அனுப்பாமல், தனி மிக்ஸி ஜாரில் நானே அரைக்கிறேன்.

ஆட்டோவில் கேட்ட என் கேள்விக்குப் பதில் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வந்தது.

"கேக்குது தாத்தா. கத்தாதீங்க."