நாலு பிளக்குக்கும் சந்தனப் பொட்டு

பேராதனை வீதியில் புதிதாகத் திறந்திருக்கும் கோப்பிக் கடையில் போன வாரம் ஒரு மேசையைப் பார்த்தேன். மேலே கண்ணாடி, கீழே கால்களுக்குப் பதிலாக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் என்ஜின். நான்கு சிலிண்டர், நான்கு புகைக்குழாய், எல்லாவற்றுக்கும் கறுப்பு வார்னிஷ். என்னையறியாமல் விரலை நாக்கில் நனைத்து ஒரு குழாயில் வைத்துவிட்டேன். கோப்பி கொண்டுவந்த பெண், "அங்கிள், அது சும்மா ஷோவுக்கு" என்றாள். பாவம், எனக்கு ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பாள்.

அது கட்டுகஸ்தோட்டைக் கராஜில் பிடித்த பழக்கம். எட்டாம் வகுப்போடு மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி, பேக்கரி, லொறி, பஸ் மிதிபலகை என்று அலைந்து, பசி கொஞ்சம் குறைவான இடம் என்று அங்கே ஒதுங்கியிருந்தேன். நான்கு சிலிண்டரில் எது படுத்துவிட்டது என்று அறிய எச்சில் விரல் போதும். என்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு குழாயாகத் தொட வேண்டும். சுர்ரென்றால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. சத்தமில்லையென்றால் மற்ற மூன்றின் தயவில் சும்மா கூட வருகிறது. கந்தோர் உத்தியோகத்தர்களுக்கு இந்தச் சோதனை வைக்க வழியில்லை.

கோப்பிக் கடையில் யாரோ ஊதுபத்தி ஏற்றினார்கள். சந்தன வாசனை. உடனே செல்வத்தின் ஞாபகம் வந்துவிட்டது.

செல்வம் எங்கள் லயத்துக்காரன், தோட்டத்தில் ஒரே வரிசை வீட்டில் வளர்ந்தவன். கண்டியில் உதிரிப்பாகக் கடையொன்றின் வேன் சாரதி. ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய பழைய சாமான்களுக்குள் அப்படியொரு நாலு சிலிண்டர் என்ஜினைக் கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கராஜில் வைத்து முழு வண்டியாக்கினான். அந்த என்ஜினை ஜப்பானில் யோசித்து வடிவமைத்தவன் பெரிய ஆள். நான்கு சிலிண்டரையும் வண்டிக்குக் குறுக்கே வரிசையாக நிறுத்தியிருந்தான். ஓரத்துப் பிஸ்டன் இரண்டும் மேலே போகும்போது நடுவில் உள்ள இரண்டும் கீழே வரும். ஒன்றின் உதறலை மற்றது பெரும்பாலும் விழுங்கிவிடும். டேங்கின் மேல் பிளேன்டீக் கோப்பையை வைத்தாலும் சிந்தாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காபரேட்டர். நான்கும் ஒரே அளவுக்கு வாய் திறக்க வேண்டும். நான்கு அண்ணன் தம்பிகளை ஒன்றாகச் சாப்பிட உட்காரவைப்பதுபோல அது ஒரு நாள் வேலை. ஓரத்து பிளக் இரண்டுக்கும் ஒரே கொயிலிலிருந்துதான் கரண்டு. இரண்டிலும் ஒரே நேரத்தில் பொறி விழும். ஒன்று வேலைக்கு, மற்றது வீணுக்கு. வீணாவதையும் திட்டத்தோடு செய்த மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மற்ற இடங்களில் திட்டமில்லாமல்தான் வீணாகும்.

அந்த வண்டியில்தான் செல்வம் புசல்லாவைக்குக் கமலாவைப் பெண் கேட்கப் போனான். துணைக்கு நான். கமலாவின் அப்பா நுவரெலியா பஸ் டிரைவர். அதற்கு முன் வந்த மாப்பிள்ளையை, வளைவில் பஸ்ஸை முந்தியவன் என்று திருப்பி அனுப்பியவர். செல்வமும் சரிவராவிட்டால் கமலா ஹட்டனிலிருக்கும் மாமன் மகனுக்கு என்று பேச்சிருந்தது.

கிளம்பும் காலையில் செல்வத்தின் வீட்டு முற்றத்தில் பிளக் மூடிகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். செல்வத்தின் அம்மா சந்தனத் தட்டோடு வந்தார். வெள்ளைப் பீங்கான் பிளக்குகளைப் பார்த்தார். "நாலு மூஞ்சியும் வெறுமையா இருக்கேப்பா" என்று ஒவ்வொன்றிலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார்.

"அம்மா, அது கரண்டு போற எடம்" என்றேன்.

"சாமிக்கு மேலயா ஒங்க கரண்டு?"

செல்வம் எனக்குக் கண்ணைக் காட்டினான். அப்படியே மூடினேன்.

கம்பளை தாண்டியதும் தூறல். நடுவில் இருந்த இரண்டு பிளக்கிலும் சந்தனம் சூட்டிலேயே காய்ந்துவிட்டது. ஓரத்தில் இருப்பவற்றுக்குக் காற்று நன்றாகப் படும், அங்கே சந்தனம் ஈரமாகவே இருந்து கரண்டை ஒழுகவிட்டது. ஏற்றத்தில் வண்டி விக்கி விக்கி ஓட ஆரம்பித்தது.

"நிப்பாட்டுடா, தொடச்சிட்டுப் போவோம்."

"நல்ல நேரம் முடியப்போகுது. அம்மா வச்சத வேற அழிக்கச் சொல்றியா?"

பாரமேற்றிய லொறிகள்கூட எங்களை முந்திப் போயின. போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் கமலாவின் அப்பா நின்றிருந்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"இன்னைக்கு மூணுதான் அடிக்குது" என்றார்.

அந்த "இன்னைக்கு" எங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. மற்ற நாட்களில் செல்வம் அந்த வழியாகச் சும்மா போய்வந்ததையெல்லாம் மனுஷன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நான் விரலை நனைத்தேன். வலது ஓரத்துக் குழாய் மட்டும் வாய் திறக்கவில்லை. மூடியைக் கழற்றினேன். குங்குமம் வழிந்து, பிளக் காயம்பட்டதுபோல இருந்தது.

"இது யாரு வேல?"

"அம்மா" என்றான் செல்வம்.

"கரண்டு போற எடம்னு சொல்லலியா?"

"சொன்னோம். கேக்கல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க பஸ்ஸுல கண்ணாடிய மறைச்சில்ல மாலை போடுறானுங்க! உள்ள வாங்க."

தேத்தண்ணி வந்தது. கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "மகளத் தர்றேன். வண்டிய வித்துருங்க. மோட்டார் சைக்கிள்ல விழுந்தவங்கள இந்த ரோட்டுல நான் பாத்தது போதும்."

செல்வம் கோப்பையைக் கீழே வைத்தான். அடுப்படி வாசலில் நின்ற கமலா அவனைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தாள். வெட்கம் என்று நினைத்தேன்.

"சரி மாமா" என்றான்.

வண்டி குருணாகல் பக்கம் போனது. பிறகு பாகம் பாகமாகப் பிரித்து விற்கப்பட்டதாகக் கேள்வி. கல்யாணம் நன்றாகவே நடந்தது. பல வருஷம் கழித்து அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கமலா என்னிடம் திரும்பினாள்.

"இவர வண்டிய விக்கச் சொன்னது யாருண்ணே? கீழ வளைவுல நாலும் ஒண்ணா அடிக்கிற சத்தம் கேட்டாத்தான் நான் வாசலுக்கே வருவேன்."

"ஒங்கப்பாதான் சொன்னாரு" என்றான் செல்வம்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா ஒன்னத் தந்திருப்பாரா?"

"தராட்டி என்ன? நானே வந்து பின்னால ஏறியிருப்பேன்."



கமலாவின் அப்பா இப்போது இல்லை. அந்த வளைவையும் வெட்டி அகலமாக்கிவிட்டார்கள். யார் வருகிறார்கள் என்று சத்தத்தை வைத்துச் சொல்ல அந்த ரோட்டில் இன்று ஆளும் இல்லை, சத்தமும் இல்லை. செல்வம் ஒரு ஹைபிரிட் கார் வைத்திருக்கிறான். பூனைபோல வருகிறது. வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று, கமலா வருவதற்கு ஹோர்ன் அடிக்கிறான். சில நாட்களில் இரண்டாம் தடவையும் அடிக்க வேண்டியிருக்கிறது.