மடக்கக் கூடாத மோதிர விரல்

மாதுங்காவில் எங்கள் ஒற்றை அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மெத்தைக்கு அடியில் விரிப்பைச் செருகும்போது வலது கை மோதிர விரல் கட்டில் சட்டத்தில் இடித்துக்கொண்டது. வலி பெரிதாக இல்லை. ஆனால் விரல் நுனி மட்டும் தொங்கிவிட்டது. இன்னொரு கையால் நிமிர்த்தினால் நிமிரும், விட்டால் விழும்.

அதற்கு வைத்தியம் ஒரு சின்ன அலுமினியத் தகடு. உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். மராத்திக்கார டாக்டர் அதை விரலோடு சேர்த்து பிளாஸ்திரி சுற்றி, ஆறு வாரத்துக்கு ஒரு தடவைகூட நுனி மடங்கக் கூடாது என்று ஹிந்தியில் சொன்னார். என் கவலை வேறு. ஃபோர்ட் பக்கம் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்டாக டெம்பரரி வேலை. பத்து வாரத்தில் ஸ்பீட் டெஸ்ட். தேறினால்தான் பெர்மனென்ட். மோதிர விரல் இல்லாமல் ஸ்பீடாவது ஒன்றாவது.

மூன்றாவது வாரம் டாக்டர் பிரித்துப் பார்த்தார். நுனி அப்படியே விழுந்தது. நடுவில் கழற்றினேனா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன் கூசாமல். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், சாப்பிடும்போதெல்லாம் கழற்றுகிறாள் என்று போட்டுக் கொடுத்துவிட்டார்.

கழற்றாமல்? தகட்டோடு பிசைந்தால் ரசம் ஸ்பாஞ்சில் ஊறி நாறும். எச்சில் தகட்டோடு சமையலில் எதைத் தொடுவது? ஸ்பூனால் ரசஞ்சாதம் சாப்பிட நான் என்ன ஆஸ்பத்திரியிலா கிடக்கிறேன்? வேளைக்குக் கால் மணி நேரத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன்.

முழுகித்தான் இருந்தது. "ஃபிர் ஏக் ஸே" என்றார் டாக்டர். மறுபடி ஒன்றிலிருந்து. டெஸ்டுக்கு இருந்தது ஏழு வாரம். ஆறு தகட்டுக்குப் போனால் பழக ஒன்றே ஒன்று. இன்னொரு தடவை மடங்கினால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

அன்று ஸ்பூனை எடுத்தேன். பாதி சாதம் மடியில் விழுந்தது. ஆத்திரத்தில் தட்டைத் தள்ளி, "போட்டுக் குடுத்தவாளே சாப்பிட்டுக்கோங்கோ" என்றேன்.

தன் தட்டைக்கூட எடுத்து வைத்தறியாத மனுஷர் அவர். என் தட்டை இழுத்து, பிசைந்து உருட்டினார்.

"கையை நீட்டு."

தகட்டு விரல் விறைப்பாய் நிற்க, உள்ளங்கையை நீட்டினேன். வைத்தார். வாயில் போட்டுக்கொண்டேன்.

"உப்பு போறலை."

"சமைச்சது நீ."

ஆறு வாரமும் இரண்டு வேளையும் இப்படித்தான். முதலில் எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டினவர், போகப் போக என் வாய்க்கு அளவாக உருட்டினார். நடுவில் மாவடுத் துண்டை ஒளித்து வைக்கவும் கற்றுக்கொண்டார். எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது.

தகடு பிரித்தபோது நுனி நிமிர்ந்தே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இனித் தூங்கும்போது மட்டும் போட்டால் போதும், பகலில் டைப் அடிக்கலாம், சாப்பிடலாம் என்றார் டாக்டர். டெஸ்டில் தேறினேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு இன்றும் மறக்காதது, தகடு பிரித்த அன்றைய சாப்பாடுதான்.

உட்கார்ந்ததும் கையை நீட்டினேன். "சாப்பிடறதுக்கு மட்டும் இன்னும் ஒரு வாரம் ஜாக்கிரதையா இருக்கணும்னாரே டாக்டர்" என்றேன்.

டாக்டர் பேசியபோது பக்கத்திலேயே நின்று கேட்டவர் அவர். ரசப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒரு வாரமா? எனக்கு ரெண்டு வாரம்னு காதுல விழுந்தது."