வலது பக்க இருக்கை

என் காரை விற்று இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. முப்பத்தெட்டு வயதான கார். பழைய கார்களைச் சேர்த்துவைக்கும் பெங்களூர்க்காரர் ஒருவர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். தெருமுனை திரும்புவதற்குள் லாரி மூன்று முறை நின்றது. அவருக்கு மனசு மாறிவிட்டதோ என்று மூன்று முறையும் நினைத்தேன். மின்கம்பி தாழ்வாகத் தொங்கியதால் நின்றதாம்.

இன்சூரன்சை ரத்து செய்யும் படிவம் மட்டும் சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது. "ஒரே ஒரு சைன்தானே சார், போட்டு அனுப்பிடுங்களேன்" என்று ஆபீஸ் பெண் போன் செய்கிறாள். இந்தப் பத்தொன்பது நாளில் எனக்கு வந்த போன்கள் ஏழு. அதில் நான்கு அவளுடையவை. அதனாலோ என்னவோ, படிவத்தை அனுப்ப எனக்கு அவசரமில்லை.

படிவத்தைப் பார்க்கும்போதெல்லாம் பெரியப்பாவின் ஞாபகம் வருகிறது. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள், நேரில் பேசும்போது முசே என்பார்கள். பிள்ளைகள் இல்லை. சாரம் என்ற பகுதியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. கப்பலில் வந்திறங்கிய ஒரு கறுப்பு பிரெஞ்சுக் கார் வைத்திருந்தார். அப்போதே அது பழைய கார்தான்.

அந்தக் காருக்கு ஸ்டியரிங் இடது பக்கம். நம் சாலையில் இடது ஓரமாகப் போகும்போது, முன்னால் ஒரு மாட்டுவண்டி போனால் போதும், எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வலது பக்க இருக்கையில் இருப்பவர் எட்டிப் பார்த்து, "போலாம்" என்று சொன்னால்தான் முந்த முடியும். பதினாறு வருஷம் அதைச் சொன்னவர் பெரியம்மா. அவர் இறந்த பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கடலோரச் சாலையில் வடக்கே பிள்ளைச்சாவடி வரை போய்த் திரும்புவோம். பேச்சே இருக்காது. நான் சொல்லும் "போலாம்" மட்டும்தான். போக ஆறு, வர ஐந்து என்று எண்ணி வைத்துக்கொள்வேன்.

எண்ணுகிற புத்திதான் வினையாயிற்று. ஒருநாள் சவுக்கு மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாவது மரத்தில் பெரியப்பா, "பாத்துச் சொல்லு" என்றார். கணக்கு விட்டுப்போகுமே என்று, பார்க்காமலே "போலாம்" என்றுவிட்டேன். எதிரே பஸ். பெரியப்பா எப்படி ஒடித்தாரோ, கார் மணலில் இறங்கி நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை. அடுத்த வாரம் காரை விற்கப் போவதாகச் சொன்னார்.

"நல்லதாப் போச்சுண்ணே, அதை வச்சிக்கினு என்னா பண்ணப் போற?" என்றார் அப்பா. என்னால்தான் விற்கிறார் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும்.

திண்டிவனத்து கான்ட்ராக்டர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சைக்கிளில் வந்தார். "வித்துட்டேன்னு ஒரு கடுதாசி எழுதிப் போட்டுடுங்க முசே. அது ஆபீசுக்கு வர்ற வரைக்கும் இன்சூரன்ஸ் புஸ்தகத்துல காரு உங்களுதுதான்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பத்திரமாகப் பிடித்துக்கொண்டேன்.

பெரியப்பா பிரெஞ்சில் படித்தவர், தமிழில் எழுதத் திணறுவார். அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். பதினான்கு வரி. கடிதத்தை உள்ளே கொண்டுபோனவர், உறையை ஒட்டிக்கொண்டு வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. "பெட்டியில போட்டுட்டு வா" என்று கொடுத்தார்.

நான் போடவில்லை. பூகோளப் புத்தகத்தின் காக்கி அட்டைக்குள் செருகிக்கொண்டேன். கடிதம் என்னிடம் இருக்கும்வரை கார் எங்களுடையது. என்றைக்காவது திரும்பி வரும். வகுப்பில் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் உறை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். பெரியப்பா கடிதத்தைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலியான கார்க் கொட்டகைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

நாற்பத்தோராம் நாள் ஏஜெண்ட் மறுபடியும் வந்தார். கூடவே ஒரு போலீஸ்காரர்.

"வாங்கினவன் பிள்ளைச்சாவடிகிட்ட ஒரு சைக்கிள்காரரை அடிச்சிட்டான் முசே. மாட்டுவண்டியை முந்தப் போயிருக்கான். அவரு கால் ஒடைஞ்சி பெரியாஸ்பத்திரியில கெடக்கறாரு" என்றார் ஏஜெண்ட்.

பெரியப்பா கேட்ட முதல் கேள்வி: "வலது பக்கம் யாரும் உக்காரலியா?"

"தனியாத்தான் வந்திருக்கான், பெரியவரே" என்றார் போலீஸ்காரர். "அவன் பேரு மாத்தவேயில்ல. இன்னிய வரைக்கும் எல்லாம் உங்க பேர்லதான் நிக்குது. ஸ்டேஷனுக்கு வாங்க."

"கடுதாசியும் வரலியே முசே" என்றார் ஏஜெண்ட்.

"அப்பவே பையன்கிட்ட குடுத்துட்டேனே."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பெரியப்பாவை ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்றே நினைத்தேன். அவர் கையில் விலங்கு, பின்னால் நான். ஓடிப்போய்ப் புத்தகத்தின் அட்டையைக் கிழித்து, உறையைக் கொண்டுவந்து நீட்டினேன். "நான்தான் போடல. நான்தான் பாக்காம போலாம்னு சொன்னேன்" என்று இரண்டு குற்றத்தையும் சேர்த்து ஒப்புக்கொண்டேன். இரண்டாவது எதைப் பற்றியது என்று வந்தவர்களுக்குப் புரியவில்லை. பெரியப்பாவுக்குப் புரிந்தது. என் தலையில் கை வைத்தார்.

ஏஜெண்ட் உறையைக் கிழித்துக் கடிதத்தைப் பிரித்தார். என் பதினான்கு வரியையும் படித்தார். திருப்பிப் பார்த்தார்.

"என்னா முசே, கையெழுத்தே போடலியே! இது வந்திருந்தாலும் செல்லாதே."

பெரியப்பா கொட்டகைப் பக்கம் பார்த்தார். "மறந்துட்டேன் போலருக்கு" என்றார்.

"நல்லா இருக்கே! பெரியவரு மறந்துட்டாரு, பையன் மறைச்சிட்டான்" என்று போலீஸ்காரர் சிரித்தார்.

"ஒரு வகையில நல்லதுதான். இன்சூரன்ஸ் ரத்தாயிருந்தா அந்தச் சைக்கிள்காரர் பாடு திண்டாட்டம்" என்றார் ஏஜெண்ட். பிறகு தன் பேனாவைத் திறந்து நீட்டினார். பெரியப்பா அதை வாங்கினார். ரேஷன் கார்டிலிருந்து என் மார்க் அட்டை வரை எதிலும் சட்டென்று கையெழுத்துப் போடுகிறவர், அன்றைக்குப் பேனாவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். நான் மனசுக்குள் நாற்பத்தாறு வரை எண்ணிவிட்டேன். அப்புறம்தான் போட்டார்.

விற்ற ரசீது கையில் இருந்ததால் மத்தியானத்துக்குள் ஸ்டேஷனிலிருந்து திரும்பிவிட்டார். கோர்ட்டுக்கு மூன்று முறை கோட் போட்டுக்கொண்டு போய்வந்தார். சைக்கிள்காரருக்கு நஷ்டஈடு கிடைத்தது. கார் திண்டிவனத்துக்கே போய்விட்டது, பெயரும் மாறிவிட்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா என்னைக் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப்போவார். சாலையைக் கடக்கும் இடத்திலெல்லாம் நின்றுவிடுவார். அவருக்கும் சாலைக்கும் நடுவே மறைப்பு எதுவும் இருக்காது. மாட்டுவண்டியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஆனாலும் என்னைத் தனக்கு வலது பக்கம் நிறுத்திக்கொண்டு, நேரே பார்த்தபடி, "பாத்துச் சொல்லு" என்பார். நான் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு முறை பார்த்துவிட்டு, "போலாம்" என்பேன். அதைக் கேட்ட பிறகும் ஒரு நொடி நின்றுதான் காலை எடுத்து வைப்பார்.

அவருக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தேன். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடம் தெரியாமல் போனதும் அதனால்தான் என்று முடிவு கட்டி, ஒரு நல்ல கண்ணாடி வாங்கித் தரும்படி அப்பாவிடம் சொன்னேன்.