‘கதை’ என்று எழுதியிருந்த பொத்தான்

அந்த ஆமையை எங்கே கண்டாலும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். பிஸ்கட் பைக்கற்றில் சிரிக்கும், புத்தகப்பையில் சிரிக்கும், பஸ் தரிப்பிடத்துச் சுவரில் சிரிக்கும். ஒரு சிறுவர் படத்துக்காக எவரோ கீறிய ஆமை. அந்தப் படத்துக்கு ஓர் இணையத்தளமும் இருந்தது. அது பிள்ளைகளுக்கு ஏற்றது என்று கையெழுத்து வைத்தவள் நான்தான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாசிகசாலையில் சிறுவர் பகுதி என் பொறுப்பு. பிள்ளைகள் பார்க்கக்கூடிய இணையத்தளங்களைப் பட்டியலாக்கிச் சுவரில் ஒட்டவேண்டும் என்று எங்கள் நூலகர் சொன்னார். “நீங்கள் ஒருக்காப் பாத்து, ஏற்றதோ இல்லையோ எண்டு எழுதுங்கோ” என்று ஒரு தாளையும் தந்தார். அந்தக் கிழமை வந்த பிள்ளைகள் எல்லோரும் ஆமை, ஆமை என்று என் உயிரை வாங்கினார்கள். அதனால் முதலில் ஆமையைத்தான் பார்த்தேன்.

எப்படிப் பார்த்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இரத்தம் இருக்கிறதா, அரைகுறை உடுப்பு இருக்கிறதா, கெட்ட வார்த்தை இருக்கிறதா, சூதாட்ட விளம்பரம் வருகிறதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. மூன்று பொத்தான்கள் இருந்தன: படங்கள், விளையாட்டு, கதை. முதல் இரண்டையும் அழுத்திப் பார்த்தேன். கதைதானே, அதில் என்ன இருக்கப்போகிறது என்று மூன்றாவதை விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போகிற உப்புவெளி பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டிருந்தது. ‘ஏற்றது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு எழும்பினேன்.

எனக்கு எட்டு வயதில் ஒரு மகள். தகப்பன் கட்டாரில் வேலை. அவள் இரண்டு மணிக்குப் பள்ளியால் வந்து, ஒளித்துவைத்த திறப்பை எடுத்துத் தானே பூட்டைத் திறந்து சாப்பிடுவாள். நான் வர ஐந்தரையாகும். பக்கத்து வீட்டு அக்கா இடைக்கிடை எட்டிப் பார்ப்பா. “பயமில்லைத்தானே?” என்று தினமும் கேட்பேன். “ஓம், பயமில்லை” என்பாள். அதற்குமேல் வாயைத் திறக்கமாட்டாள். தகப்பன் போன் எடுத்தாலும் ஊமைதான். “கதை பிள்ளை, அப்பாவோட கதை” என்று நான் போனை அவள் காதில் வைத்து அழுத்துவேன். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஒருநாள் கரண்ட் இல்லையென்று வாசிகசாலையை நேரத்தோடு பூட்டிவிட்டோம். மூன்று மணிக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஒரு கீச்சுக் குரல் கேட்டது.

“திறப்பு செருப்புத் தட்டுக்குக் கீழ கிடக்கு. அம்மா அஞ்சரைக்குத்தான் வருவா.”

ஒற்றைச் செருப்போடு ஓடிப்போனேன். உள்ளே மகள் பழைய போனை மடியில் வைத்திருந்தாள். அதில் அந்த ஆமை வாயை அசைத்துக்கொண்டிருந்தது. இவள் சொன்னதை அது தன் குரலில் திருப்பிச் சொல்கிறது.

“ஆர் உன்னை இதோட கதைக்கச் சொன்னது?” என்று கத்தினேன்.

“அதுதான் சொல்லுது. இஞ்ச பாருங்கோ, கதை எண்டு எழுதியிருக்கு.”

பார்த்தேன். ஆமையின் படம், அதற்குக் கீழே அந்த மூன்றாவது பொத்தான். எழுதினவர்களுக்கு அது படத்தின் கதை. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு ‘கதை’ என்றால் பேசு. தினமும் அவளிடம் நான் சொல்கிற அதே சொல். அழுத்தினால் படக்கதை நாலு வரி, அதோடு குரல் பதிய ஒரு மைக். பதிகிற குரல்களை அவர்கள் வைத்திருப்பார்களாம், தாய்தகப்பன் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வார்களாம். அதை மட்டும் அடியில் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு!

திறப்பை அன்றைக்கே பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் சுவரிலிருந்த பட்டியலைக் கிழித்தேன். நூலகர் ஓடி வந்தார்.

“ஆமைதானே பிள்ளை, அது என்ன செய்யப்போகுது?”

“ஆமை ஒண்டும் செய்யாது சேர். அதுக்குப் பின்னால இருக்கிற ஆக்களை உங்களுக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் கையெழுத்து வச்சனான்.”

அன்று பின்னேரம் வந்த பிள்ளைகளிடம் ஆமையோடு கதைத்தவர்கள் யார் என்று கேட்டேன். இருந்த எல்லோரும் சந்தோஷமாகக் கையை உயர்த்தினார்கள். ஒருத்தி இரண்டு கையையும் உயர்த்தினாள். எனக்கு அழுகைதான் வந்தது.

பதிந்ததையெல்லாம் அழியுங்கள் என்று படக் கம்பனிக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. குட்டி நண்பருக்கு நன்றியாம், கூடவே கையசைக்கிற ஆமை ஒன்று. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எந்தெந்தப் பதிவுகள் என்று ஒவ்வொன்றாகக் குறித்துத் திரும்ப எழுதுவோம் என்று, மகள் குளிக்கப்போன நேரம் அந்தப் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் பதிந்தவை வரிசையாக இருந்தன. மதியம் சாப்பிட்ட மீன்குழம்பு. வகுப்பில் பென்சில் உடைந்தது. அப்பா வாங்கி அனுப்பப்போகிற சப்பாத்து. என்னிடம் சொல்லாத அவ்வளவும் அங்கே இருந்தது. அதை அவர்கள் எடுத்துவைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கடைசிப் பதிவை அழுத்தினேன். ஆமை சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னது:

“எனக்குத் தனிய இருக்கப் பயம். அம்மாட்டச் சொல்லிப்போடாத, என்ன?”

அடுத்த நாள் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். நூலகரிடம் அனுமதி கேட்கவில்லை, சொல்லிவிட்டு வந்தேன்.